உடும்பு கூடாது, இறால் கூடும்: இருளர் உரிமை பற்றிய கேள்வி பதில்

சிதம்பரம் பக்கத்துக்காரன், இருளர் ஊர்களில் மனு எழுதிக் கொடுத்துத் திரிந்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அண்ணா, வன உரிமைச் சட்டம் வந்துவிட்டதே, இனி இருளர்கள் உடும்பு பிடிக்கலாமா? (விருத்தாசலம் தம்பி)

கூடாது தம்பி. 2006 சட்டம் வழிவழியாக வந்த உரிமைகளை ஏற்கிறது. வேட்டையை மட்டும் பெயர் சொல்லியே விலக்கிவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணை, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியல். மாட்டினால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

அப்போ பிச்சாவரத்தில் இறால் பிடிப்பதும் குற்றமா சார்? (கிள்ளை வாசகி)

இல்லைம்மா, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அதே 2006 வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நீர்நிலைகளில் கிடைக்கும் மீனையும் மற்ற விளைபொருளையும் சமூக உரிமை என்கிறது. சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் வாய்க்காலும் நீர்நிலைதானே! இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் பிடிக்கும் பெண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வலையில்லை, மோட்டார் இல்லை.

ஆனால் உரிமை தானாக வந்து சேராது. கிராம சபை கூடி, வன உரிமைக் குழு அமைத்து, சமூக உரிமைக்குத் தனியாக மனு போட வேண்டும். ஒன்றுக்கு மேல் சான்று வேண்டும். ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதி வைத்தாலும் சான்றுதான். நான் எழுதிய முதல் மனுவை, ‘பட்டா நகல் எங்கே?’ என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். தண்ணீருக்கு ஏதய்யா பட்டா?

ஆளாளுக்கு இறங்கினால் காடு என்னத்துக்கு ஆகும்? (கடலூர் நண்பர்)

காடு மொட்டையானது இறால் துழாவியதால் அல்ல. முன்பு அரசுத் திட்டப்படி மரங்களைக் கூறு கூறாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, ஓதத் தண்ணீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர்) வடியாமல் தேங்கி, உப்பேறிச் செடி பட்டுப்போனது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து போகத் தொடங்கியதும் காடு துளிர்த்தது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. எந்த மடுவில் தண்ணீர் நிற்கிறது என்பது தினமும் அதில் உட்காருபவர்களுக்குத் தெரியும். அவர்களை விலக்கிவைத்துக் காடு வளர்ப்பது வீண் வேலை என்பேன்.

பாம்பு மட்டும் பிடிக்கிறார்களே? (நெய்வேலி)

அது அரசு உரிமத்தோடு. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்று பிழைப்பு போனது. 1978இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். விஷம் எடுத்த பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

புதுச்சேரி இருளர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா? (வில்லியனூர்)

பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்ந்ததே 2016 டிசம்பரில்தான். இருளரையே குறிக்கும் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களில் எழுதியிருந்தாலும் அதே பட்டியல்தான். முதலில் சாதிச் சான்றிதழ் வாங்குங்கள், அப்புறம் மனு எழுத நான் வருகிறேன்.