குடியை விட வந்தவரிடம் சிகரெட்டையும் வாங்கி வைக்கலாமா? – கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தில் ஒரு போதை சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இங்கே மாநில அனுமதி பெற்ற எல்லா மையங்களிலும் 2008 ஜூலை 24 அன்று புகையிலைக்குத் தடை வந்தது. கட்டடம், வளாகம், வண்டி எங்கும் கூடாது என்றார்கள், ஊழியருக்கும் அதே விதிதான் இருந்தது. அது பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, குடியை விடுவதே பெரும்பாடு. சிகரெட்டையும் பிடுங்கினால் மறுபடி குடிக்கப் போய்விட மாட்டாரா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. ஆனால் 19 ஆய்வுகளைச் சேர்த்து 2004-ல் பார்த்தபோது, சிகிச்சையோடு புகைப்பதை நிறுத்தவும் உதவி கிடைத்தவர்கள் குடியும் போதையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாகத்தான் இருந்தது. இன்னொன்று, மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனையில் குடி, போதைக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல வருடம் கவனித்தார்கள். இறந்த 222 பேரில் பாதிப் பேரின் சாவுக்குக் காரணம் புகையிலை, குடி காரணமானது மூன்றில் ஒரு பங்குதான். குடியிலிருந்து மீட்டு அனுப்பிய மனிதரை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

பாதியிலேயே கிளம்பிவிடுவார்களே?

நியூஜெர்சியில் 2001-லேயே தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களில் இந்தத் தடை வந்தது. அப்படி ஓட்டம் ஒன்றும் கூடவில்லை.

விதி போட்டதும் எல்லாரும் விட்டுவிட்டார்களா?

இல்லை. நியூயார்க்கில் 10 மையங்களில் எடுத்த கணக்கில், புகைப்பவர்கள் 69 சதவீதத்திலிருந்து 63-க்குத்தான் வந்தார்கள். ஊழியர்களிடம்தான் பெரிய மாற்றம், 35-லிருந்து 22. அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் முன்பெல்லாம் பின்வாசல் பெஞ்சில் ஆலோசகரும் சிகிச்சைக்கு வந்தவரும் ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துக்கொண்டு பேசுவார்கள், சட்டையில் அந்த வாடையோடு உள்ளே வந்து 'விட்டுவிடுங்கள்' என்றால் யார் கேட்பார்கள்?

நிகோடின் சூயிங்கம் மென்றால் விக்கல்தான் வருகிறது, பலனே இல்லை.

சாதா சூயிங்கம் மாதிரி மெல்லுகிறீர்கள். மெதுவாகச் சில கடி, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் மறுபடி கடியுங்கள். மெல்லும்போது காபி வேண்டாம்.

தம்பி மனநோய்க்கு குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். திடீரென்று சிகரெட்டை நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஆனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகரெட் புகை இந்த மருந்தைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றதும் அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஓலான்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்துக்கும் இதே கதை. புகைதான் காரணம், நிகோடின் இல்லை, அதனால் தோலில் நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒளித்துப் புகைத்தவரை வெளியே அனுப்புவது சரியா?

சரியில்லை. விட முடியாமல்தானே நம்மிடம் வந்திருக்கிறார். கழிப்பறையில் வாடை வந்தால் நான் முதலில் அவர் பேட்சைப் பார்ப்பேன், பெரும்பாலும் அவர் பிடித்த அளவுக்கு அது போதாததாக இருக்கும்.