மாமியார் முதலில் ஏறி உட்காரட்டும்

கேள்வி: ஐயா, எங்களிடம் பழைய ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. வீட்டில் நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள மாமியார். தினமும் பள்ளி, ஆபீஸ் என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டம். அவ்வப்போது கொல்லிமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம். நெக்ஸான், பிரெஸ்ஸா போல ஒரு சின்ன எஸ்யூவி வாங்கலாமா? மலைக்கு டீசல்தான் சரி என்கிறார் கொழுந்தனார்.
- வாசகி, ராசிபுரம்

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் டீசல் வேண்டாம். மலையில் டீசல் நன்றாக இழுக்கும் என்பது உண்மைதான். உங்கள் தினசரி ஓட்டத்துக்குத்தான் அது ஒத்துவராது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ள வேண்டுமானால், வண்டி நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் நிற்காமல் சீராக ஓட வேண்டும். பள்ளிக்கூட வாசலிலேயே இன்ஜினை அணைத்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காமல் ஓட்டிவிட்டு, "வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள்.

பெட்ரோலில் வரிக்கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் மேற்போகாத பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18%. நெக்ஸான் இதற்குள் வந்துவிடும். பிரெஸ்ஸாவின் நீளமும் 3,995 மில்லிமீட்டர்தான், ஆனால் இன்ஜின் 1,462 சிசி. அதனால் 40%.

சரி, இனி மாமியார். முழங்கால் வலிக்காரருக்கு மிகத் தாழ்ந்த சீட்டும் ஆகாது, மிக உயர்ந்ததும் ஆகாது. ஷோரூமுக்கு அவரையும் கூட்டிப்போங்கள். காரை ஒட்டி நின்றால் சீட்டின் விளிம்பு அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். சேலை கட்டிக்கொண்டு ஏறட்டும், இறங்கட்டும், கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா பாருங்கள். பிறகு பின்சீட்டில் அவரோடு பிள்ளைகள் இருவரையும் உட்காரவையுங்கள். நடுவில் உட்காரும் பிள்ளைக்குத் தோளோடு சேர்த்துப் போடும் பெல்ட்டும் தலைக்கு அணையும் நீங்கள் எடுக்கப்போகும் வேரியண்டிலேயே இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சன்ரூஃபை விட எனக்கு இதுதான் பெரிது.

டெஸ்ட் டிரைவுக்கு இரண்டு பேர் மட்டும் போகாதீர்கள். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரும் ஏறி, ஏசி போட்டு, ஏதாவது ஒரு மேம்பாலத்து ஏற்றத்திலாவது நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

இரண்டிலும் மாமியாருக்குச் சிரமமில்லை என்றால் என் ஓட்டு நெக்ஸானுக்கு. பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி. டிக்கியும் 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328. ஆனால் நெக்ஸானில் ஏற அவர் திணறினால் யோசிக்காமல் பிரெஸ்ஸாவை எடுங்கள்.