எதிராளி கையில் என்ன சீட்டு?

பாலக்கோடு வாசகர்: ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் உட்கார்ந்து, புளியங்கொட்டை வைத்து லிமிட் போக்கர் ஆடுகிறோம்: ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, தரையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, சுற்றுக்கு இவ்வளவுதான் பந்தயம் என்று முன்பே முடிவு. முதல் இரண்டு சுற்றில் 2 கொட்டை, கடைசி இரண்டில் 4. எதிராளியிடம் இன்ன சீட்டு என்று நினைத்தால் பெரும்பாலும் தப்பாகிறது. எப்படிக் கணிப்பது?

பதில்: ஒரே கையைக் குறிவைத்தால் தப்பத்தான் செய்யும். 52 சீட்டிலிருந்து இரண்டு சீட்டு 1326 விதமாக வரலாம். அதில் எவையெல்லாம் இருக்கலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடித்துக்கொண்டே வாருங்கள். எண்ணுவது சுலபம்: எந்த ஜோடியும் 6 விதம்; ஆஸ்-ராஜா போன்ற கலப்புக் கை 16 விதம். நிதானமான ஆள் முதல் இடத்தில் (முதலில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில்) உட்கார்ந்து பந்தயத்தை ஏற்றினால் 10-10 ஜோடி முதல் ஆஸ் ஜோடி வரை, ஆஸ்-ராஜா, ஆஸ்-ராணி என்று வையுங்கள். ஐந்து ஜோடிக்கு 30, மற்ற இரண்டுக்கும் 32, ஆக 62. அதே ஆள் கடைசி இடத்திலிருந்து ஏற்றினால் பட்டியல் இதைப்போல் பல மடங்கு நீளும். ஆகவே ஆளைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயம். கொட்டைக்குக் கணக்கு இல்லையென்றால் யாரும் எதையும் மடிக்க (சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக) மாட்டார்கள். அப்புறம் படிக்க ஒன்றும் இருக்காது. நம் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா, தீர்ந்தால் இன்னொரு கைப்பிடி அள்ளிக்கொள்கிறார்கள். ஆளுக்கு 100 என்று எண்ணிக் கொடுங்கள். தீர்ந்தவர் அன்றைக்கு வேடிக்கை பார்க்கட்டும்.

காவேரிப்பட்டணம் வாசகி: நான் பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக 2 கொட்டை போடுபவர்; சின்ன பிளைண்ட் 1 போடுவார்), கையில் ஹார்ட்டின் ராஜா, ராணி. முதல் இடத்தில் இருந்த என் மைத்துனர் 4 ஆக ஏற்றினார்; அவர் கண்டபடி ஆடுகிறவர் இல்லை. மற்றவர்கள் மடித்துவிட்டார்கள், நான் கால் செய்தேன், அதாவது அவர் அளவுக்குப் போட்டேன். ஃப்ளாப்பில் (தரையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) இஸ்பேட் ராஜா, டைமன் 8, கிளாவர் 3. டர்னில் (நாலாவது சீட்டு) ஹார்ட்டின் 5, ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) டைமன் 2. மூன்று தடவையும் அவரே பந்தயம் வைத்தார். கடைசியில் பயந்து மடித்துவிட்டேன். சரியா?

பதில்: மடித்திருக்கக் கூடாது. முதலில் நடுவில் இருந்ததை எண்ணுவோம். ஆரம்பத்தில் இருவர் போட்டது 8, மடித்த சின்ன பிளைண்டின் 1, ஆக 9. ஃப்ளாப்பில் 4 சேர்ந்து 13, டர்னில் 8 சேர்ந்து 21, ரிவரில் அவர் வைத்த 4 சேர்ந்து 25. அந்த 25-க்கு நீங்கள் 4 போட வேண்டும். ஏழில் ஒரு தடவை ஜெயித்தால் போதும், நட்டமில்லை.

இப்போது அவர் கை. மேலே சொன்ன பட்டியலையே எடுங்கள், ஆனால் உங்களுக்குத் தெரிந்த சீட்டுகளைக் கழித்துவிடுங்கள். ராஜா ஒன்று உங்களிடம், ஒன்று தரையில், மீதி இரண்டுதான். ஆகவே ராஜா ஜோடி 6 இல்லை, 1 விதம். ஆஸ்-ராஜா 16 இல்லை, 8. ஆஸ் ஜோடி மட்டும் அப்படியே 6. உங்களை ஜெயிக்கும் கைகள் மொத்தம் 15. தோற்கும் பக்கம்: ராணி ஜோடி 3, ஜாக்கி ஜோடி 6, பத்து ஜோடி 6, ஆஸ்-ராணி 12, ஆக 27.

இந்த 27-ம் ரிவர் வரை பந்தயம் வைக்காது என்பீர்கள், நியாயம்தான். ஆஸ்-ராணியை விட்டுவிடுங்கள், ஜாக்கியையும் பத்தையும்கூட விடுங்கள். ராணி ஜோடி 3 மட்டும் மிஞ்சினாலும் 18-க்கு 3, அதாவது ஆறில் ஒன்று. ஏழில் ஒன்றே போதும் என்றால் கால் செய்வதே கணக்கு. லிமிட் ஆட்டத்தில் ரிவரில் நல்ல ஜோடியை மடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. நடுவில் சேர்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் கடைசிப் பந்தயம் மிகச் சின்னது.

ஆனால் டர்னில் நீங்கள் 8 ஆக ஏற்றி, அவர் 12 ஆக்கியிருந்தால் கதையே வேறு. நிதானமான ஆள் ராணி ஜோடியோடு அங்கே திருப்பி ஏற்ற மாட்டார். மிஞ்சுவது அந்த 15 தான். அவரிடம் ஆஸ்-ராஜா என்றால் உங்களைக் காப்பாற்ற மூன்று ராணிகள். ஆஸ் ஜோடி என்றால் அந்த ராணிகளோடு இரண்டு ராஜாக்களும். ராஜா ஜோடி என்றால் ஒன்றும் கிடையாது. சராசரி 8 சதவீதம். 33-க்கு 4 போட 11 சதவீதம் வேண்டும். அங்கே மடியுங்கள்.

ஓசூர் வாசகர்: ஃப்ளாப்பில் ஏற்றுவதற்கும் டர்னில் ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டா?

பதில்: நிறைய. டர்னில் பந்தயம் இரட்டிப்பாகிறது. அதனால் செட் (கையில் உள்ள ஜோடியோடு தரையில் அதே சீட்டு சேர்ந்து மூன்று), இரண்டு ஜோடி கிடைத்தவர் ஃப்ளாப்பில் சும்மா கால் செய்துவிட்டு, டர்னில் செக் செய்து (பந்தயம் வைக்காமல் விட்டு), நீங்கள் வைத்த பிறகு ஏற்றுவார். அதுவரை வாய் திறக்காத ஆள் அப்படிச் செய்தால் ஒற்றை ஜோடியை நம்பி நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஆடுபவர் ஃப்ளாப்பில் ஏற்றுவது அவ்வளவு கனமில்லை. ஒரே நிறத்தில் (எல்லாம் ஹார்ட்டின் என்பதுபோல்) நாலு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவர் மலிவாக 2 கொட்டை கூடப் போட்டு, டர்னில் எல்லோரும் செக் செய்தால் தானும் செக் செய்து ரிவரை இலவசமாகப் பார்க்கும் வழி அது. டர்னில் அவர் செக் செய்தால் பட்டியலில் அந்தக் கைகளை மேலே ஏற்றுங்கள். உங்களிடம் நல்ல ஜோடி இருந்தால் டர்னில் நீங்களே முந்திக்கொண்டு 4 வையுங்கள், இலவசம் போய்விடும்.

தருமபுரி வாசகர்: இதைச் செயலியில் பணம் கட்டி ஆடலாமா?

பதில்: வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது.

அரூர் வாசகர்: எங்களுக்கு ரம்மிதான். அதில் இந்த முறை உதவுமா?

பதில்: உதவும், அங்கே திறந்த சீட்டை எடுப்பதுதான் தகவல். எதிராளி ஹார்ட்டின் 7-ஐ எடுத்தால் அவரிடம் ஹார்ட்டினில் 5-6, 6-8, 8-9 இவற்றில் ஒன்று, இல்லையென்றால் வேறு நிறத்தில் இரண்டு 7 இருக்கலாம். இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. ஹார்ட்டின் 8 இரண்டுமே உங்கள் கையிலோ கீழேயோ தெரிந்துவிட்டால் வரிசையில் 5-6 மட்டுமே மிஞ்சும். 9-ஐத் தைரியமாகப் போடலாம், 4-ஐப் போடாதீர்கள். ஜோக்கர் வைத்துச் சேர்ப்பவரிடம் இந்தக் கணக்கு சற்றுப் பிசகும்.