பெயர் எழுதாத போல்ட்டுகள்

அன்புள்ள ஐயா,

பள்ளத்தூரில் எங்கள் வீடு. அப்பச்சி (என் அப்பா) தவறி இரண்டு வருஷமாகிறது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டை ஒழித்துவிட்டு, வீட்டில் தங்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்றிருக்கிறோம். அங்கே நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ மட்டுமே பதினேழு டப்பா இருக்கிறது. டால்டா டப்பா, பிஸ்கட் டின், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் நிறைந்து கிடக்கின்றன. ஒரு டின்னில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேப்பர் பொட்டலங்கள், ‘கிணறு – கப்பி’, ‘மேல மாடி ஃபேன்’ என்று அப்பச்சி கையெழுத்தில். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஒரு வருஷம் கை படாத பொருளை யோசிக்காமல் தூக்கிப் போடு என்கிறான். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. எதையும் வீசாமல் வைத்திருப்பதுதானே செட்டிநாட்டு வழக்கம்? இவற்றைப் பிரித்து வைக்க எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம், எத்தனை அறை உள்ளது நல்லது என்று சொல்ல முடியுமா?

வ., பள்ளத்தூர்

அன்புள்ள வ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பித்தளை வாளியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே இனிஷியலும் பெயரும் வெட்டியிருந்தது. எந்த வீட்டு ஆச்சிக்கு எந்த வருஷத்தில் கல்யாணச் சீராக வந்ததோ. அதையே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினால் உங்கள் பதினேழு டப்பா காத்திருக்கிறது.

பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் போதும். மூடி இறுகக் கவ்வ வேண்டும், அவ்வளவுதான். எத்தனை அறை என்பதையெல்லாம் பிரித்து முடித்த பிறகு பார்க்கலாம். முதலில் பெட்டி வாங்குகிறவர்கள் பெட்டியை நிரப்புவதற்காகவே குப்பையைக் காப்பாற்றுவார்கள்.

உங்கள் தம்பி சொல்லும் ஒரு வருஷக் கணக்கு துணிக்குச் சரி. போல்ட்டுக்குச் செல்லாது. ஒரு போல்ட்டு எப்போது வேண்டியிருக்கும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, ஒரு கப்பியோ ஒரு கதவோ முடிவு செய்கிறது. எட்டு வருஷம் சும்மா கிடந்துவிட்டு ஒரு ராத்திரி பத்து மணிக்கு அது வேண்டும் என்று வரும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், வாதம் செய்ய வேண்டாம்.

ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரியை என்னால் சும்மா விட முடியவில்லை. ‘எதையும் வீசாமல் வைத்திருப்பதுதானே செட்டிநாட்டு வழக்கம்.’ யார் சொன்னது உங்களுக்கு? சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்கிற கதையை நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்களா?

எங்கள் அப்பத்தாவின் சாமான் அறையில் அண்டா, குண்டான், தூக்கு, தாம்பாளம், கரண்டி என்று நான் சிறுவனாக இருந்தபோது எண்ணி முடிக்க முடியாத அளவுக்குக் கிடந்தன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சேர்த்துக் குவித்ததாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குச் சாமான் வெளியே போனால் பட்டியல் எழுதித்தான் போகும். திரும்பி வரும்போது பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எடுத்து வைப்பார். ஒரு தடவை ஒரு ஜாரணிக் கரண்டி குறைந்தது. அப்பத்தா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பக்கத்து வளவில் அது கிடைத்த பிறகுதான் இலை போட்டார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்துக்கொண்டு, கடல் தாண்டி ஊருக்குக் கணக்கு அனுப்பிய கூட்டம் அது. கணக்கில்லாத பொருளை அவர்கள் சொத்து என்று நினைத்ததே கிடையாது.

உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது? எந்த மிஷினிலிருந்து கழன்றது, எந்த அளவு மரை (திருகு வரி), எதற்குப் பொருந்தும் என்று யாருக்கும் தெரியாத இரும்பு. அதை வைத்துக்கொண்டு பாரம்பரியம் என்று சொல்வது அப்பத்தா மாதிரி ஆட்களுக்குச் செய்கிற அவமரியாதை. கோபமாகத்தான் சொல்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. 1983 கோடை. எனக்குப் பதினாறு வயது. தோட்டத்துக் கிணற்றில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது, பழைய இங்கிலாந்து மாதிரியைப் பார்த்து நம் நாட்டில் செய்தது. அதில் ஒரு மூடியின் போல்ட்டு எங்கோ விழுந்துவிட்டது. அப்பச்சி மதுரைக்குப் போயிருந்தார். நான் பெரிய மனுஷன் ஆகிவிட்ட நினைப்பில் கார் ஷெட்டுக்குப் போய், டால்டா டப்பாவைத் தாம்பாளத்தில் கொட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தேடியதில் ஒன்று அதே பருமனில் கிடைத்தது. ஓட்டையில் வைத்துச் சுற்றினேன். இரண்டு சுற்று சுகமாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் இறுகியது. துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டேன். அதுவும் நகரவில்லை என்றதும் ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி இழுத்தேன். சடக்கென்று விட்டுக்கொடுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மரையில் ஓட்டையின் மரை சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அந்த எஞ்சினின் ஓட்டை 5/16 அங்குல விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-ல் வகுத்துக் கொடுத்த அளவு. மரையின் பல்லுக்கு 55 டிகிரி கோணம், அங்குலத்துக்கு 18 மரை. நான் எடுத்த போல்ட்டு மெட்ரிக் எம்8. அதன் கோணம் 60 டிகிரி, ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் உள்ளே போகும். விட்வொர்த்தோ ஒரு சுற்றுக்கு 1.41 மில்லிமீட்டர் போகும். பருமனில் பார்த்தால் 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், எம்8 என்பது 8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆரம்பத்தில் உள்ளே போகவும் செய்யும். போகப் போகப் பல்லோடு பல் மோதும். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே வந்துவிட்ட மிஷின்களும், அந்த மாதிரியையே பார்த்துப் பின்னால் செய்தவையும் அங்குல மரையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் நம் ஊர் டப்பாக்களில் இரண்டு சாதி மரையும் கலந்து கிடக்கிறது. உங்கள் பதினேழு டப்பாவிலும் அப்படித்தான் கிடக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை.

காரைக்குடியிலிருந்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டும் 3/8 அங்குல டேப்பால் புது மரை வெட்டி, வேறு போல்ட்டு மாட்டினார். அவர் வருவதற்கே நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் கத்தரிப் பாத்தி முழுவதும் வாடிவிட்டது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, “கை சுத்துற வரைக்கும்தான் தம்பி அது உன் போல்ட்டு” என்று மட்டும் சொன்னார்.

அப்பச்சியும் திட்டவில்லை. அன்று சாயங்காலம் கார் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டினார். அதற்குப் பிறகு எதைக் கழற்றினாலும் அதன் போல்ட்டுகளை ஒரு கம்பியில் கோத்து, அட்டையில் இடத்தை எழுதிக் கட்டிவிடுவார். பெயர் தெரியாதவற்றை இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது அது பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. அவர் போன பிறகு அந்தக் கம்பிகளை எடுத்துப் பார்த்தேன். ‘பட்டாலை ஊஞ்சல், வடக்குக் கொக்கி.’ ‘அம்பாசடர், பின் இருக்கை.’ கார் போய்விட்டது. ஊஞ்சல் இருக்கிறது.

அதனால் உங்களிடம் கறாராகவே சொல்கிறேன். பெயர் தெரியாததில் முக்கால்வாசியை அனுப்பிவிடுங்கள். ஆனால் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு முன்னால் ஒரு முழு நாள் அதோடு உட்கார வேண்டும்.

ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒட்டாமல் நிற்பது பெரும்பாலும் பித்தளையும் நல்ல எவர்சில்வரும். அவற்றைத் தனியாக வையுங்கள். பித்தளையை இரும்போடு கலந்து எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பித்தளைக்கு விலை வேறு. ஒன்றாகப் போட்டு வைப்பதும் தப்பு. ஈரம் பட்டால் பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த நிலையம், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று அங்கே இத்தனை காலமாக ஆராய்கிறார்கள். அந்த ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு பித்தளையையும் இரும்பையும் ஒரே டப்பாவில் போட்டு மழைக்காலத்தைக் கழிக்கலாமா?

துருவேறி மரை தெரியாமல் போனவை, தலை தேய்ந்தவை, வளைந்தவை எல்லாம் யோசனையே இல்லாமல் போகட்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு ஒரு தடவை கழற்றியதென்றால் முக்கியமான இடத்தில் மறுபடி போடக்கூடாது, அதுவும் போகட்டும். வண்டியின் பிரேக், ஸ்டியரிங் பக்கம் பழைய டப்பா போல்ட்டைக் கொண்டு போகவே போகாதீர்கள். தலையில் 8.8 என்று எண் குத்தியிருந்தால் நல்ல வலுவான போல்ட்டு, நேராகவும் துருவில்லாமலும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மிச்சத்துக்கு ஒரு பலகை செய்யுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் எம்5, எம்6, எம்8, எம்10 போல்ட்டும், கால் அங்குலம், 5/16, 3/8 விட்வொர்த் போல்ட்டும் நல்லதாக ஒவ்வொன்று கொடுப்பார்கள். ஒரு பலகையில் வரிசையாக மாட்டி, பக்கத்தில் பெயின்ட்டால் பெயர் எழுதிவிடுங்கள். அதே அளவு நட்டுகளை ஒரு கம்பியில் கோத்துப் பலகையிலேயே தொங்கவிடுங்கள். டப்பாவில் கிடைக்கிற நட்டைப் பலகைப் போல்ட்டில் சுற்றிப் பாருங்கள், போல்ட்டு கிடைத்தால் அதில் கம்பியில் கோத்த நட்டைச் சுற்றிப் பாருங்கள். கடைசி வரை கையால் போனால் அதன் பெயர் தெரிந்துவிட்டது. எதிலும் போகவில்லை என்றால் அது உங்களுடையது இல்லை.

மர ஸ்க்ரூவில் ஒன்றே ஒன்றை மட்டும் காப்பாற்றச் சொல்வேன். தலையில் ஒற்றைக் கோடு போட்ட பழைய பித்தளை ஸ்க்ரூ. நம் பக்கத்துப் பழைய வாசல் கதவுகளில் பலவற்றுக்குக் கீலே கிடையாது, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமியில் சுழல்கிறவை. ஆனால் பின்னால் சேர்த்த தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, அலமாரிக் கைப்பிடி எல்லாவற்றிலும் இந்தப் பித்தளை ஸ்க்ரூதான் இருக்கும். பழைய பர்மாத் தேக்கில் புது நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று பளபளவென்று தெரிவதைப் பார்க்கும்போது கதவுக்கு வலிப்பது மாதிரி இருக்கிறது. மாட்டும்போது நேரே பித்தளையைத் திருகாதீர்கள், தேக்கின் இறுக்கத்தில் கழுத்து முறிந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பித்தளையில் கொஞ்சம் சோப்புத் தடவி ஏற்றுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பச்சியின் காரையும் மோட்டாரையும் பார்த்த மெக்கானிக்கோ டிரைவரோ ஊரில் இன்னும் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, டப்பாவைக் கொட்டிக் காட்டுங்கள். நீங்கள் ஒரு வாரம் தேடிக் கண்டுபிடிப்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இது அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளிப்போடுகிற காரியம் இல்லை. நான் தள்ளிப்போட்டேன். நாலு நாள் கழித்து வந்த அந்த அண்ணனிடம் கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது.

கடைசியாக, அந்தப் பொட்டலங்கள். பதினேழு டப்பாவைப் பற்றி இத்தனை வரி எழுதிவிட்டு, அவற்றை ஒரே வரியில் சொல்லித் தாண்டிப் போய்விட்டீர்கள், பிரித்துப் பார்த்ததாகவும் எழுதவில்லை. உங்கள் அப்பச்சி தெரிந்தேதான் அவற்றைத் தனி டின்னில் வைத்திருக்கிறார். பெட்டி வாங்குவதை ஒத்திப் போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ‘கிணறு – கப்பி’ பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். கப்பி இன்னும் அங்கே தொங்குகிறதா, அந்த போல்ட்டு அதில் கையாலேயே சுற்றிக்கொண்டு போகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.