ஓடியது குதிரையா, மருந்தா?

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை பெற்ற வெற்றி, ரத்தத்தில் தெரிந்த மருந்தால் பறிபோனதைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் நான் எழுதிய நான்கு வரிகள் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. பந்தயக் குதிரைக்கு மருந்து கொடுப்பது குற்றமா, அப்படியானால் நோய் வந்த குதிரையை என்னதான் செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: முட்டிவலி வந்தால் நாமெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். குதிரைக்கு அதே சலுகையைக் கொடுத்தால் என்ன தவறு?
– வாசகர், திருச்சி

வலி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இன்றைக்கு ஓட முடியுமா முடியாதா என்பதை நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். குதிரைக்கு இருக்கும் ஒரே மொழி நொண்டுவதுதான். வலி நிவாரணி அந்த மொழியை அடைத்துவிடுகிறது. 450, 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரு கணம் ஒற்றைக் காலின் மேல் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான பாரம் இறங்குகிறது. அந்தக் காலின் எலும்பில் மயிரிழை அளவில் ஒரு விரிசல் இருந்து, ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி நிவாரணியோ மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசியோ அதை உணரவிடாமல் செய்திருந்தால், குதிரை அந்தக் காலின் பாரத்தைக் குறைத்து நொண்டி ஓடாது. முழு வேகத்தில் ஓடி, முழு வேகத்திலேயே எலும்பை முறித்துக்கொள்ளும். ஜாக்கியும் கூடவே கீழே விழுவார்.

அதனால்தான் சிகிச்சை குற்றமாகக் கருதப்படுவதில்லை. சிகிச்சை பெற்ற நிலையில் ஓடுவதே குற்றமாகிறது. அமெரிக்காவில் இன்று நடைமுறையில் இருக்கும் விதிப்படி, மூட்டுக்குள் ஊசி போட்டால் அடுத்த 14 நாட்களுக்குப் பந்தயத்தில் இறக்கக் கூடாது. நேரம் குறித்து ஓட்டும் பயிற்சி ஓட்டத்துக்கே 7 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில் 2018 டிசம்பர் 26 தொடங்கி 2019 ஜூன் வரையிலான ஒரே பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. அந்த மாநிலத்துப் பந்தய வாரியம் நடத்திய விசாரணையில் சட்டவிரோதமான மருந்து எதுவும் அகப்படவில்லை. ஆனால் எலும்பு முறிந்து இறந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு, முறிந்த அதே இடத்தில் முன்பே பழைய சேதம் இருந்திருக்கிறது. மழையால் நனைந்த ஓடுதளம் போன்ற வேறு காரணங்களும் பேசப்பட்டன. பழியை மருந்தின் மேல் மட்டும் போட நான் தயாராக இல்லை. இருந்தாலும், சட்டப்படியான மருந்துகளின் துணையோடு ஒரு குதிரை தன் காயத்தை எத்தனை நாள் சுமந்துகொண்டு ஓடலாம் என்ற கேள்வியை அந்தப் பருவம்தான் பொதுமக்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தது.

கேள்வி: என் தந்தைக்கு இதய நோய்க்காகக் கொடுக்கும் லேசிக்ஸ் மாத்திரையை அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளுக்கும் கொடுக்கிறார்களாமே? குதிரைக்கு என்ன இதய நோய்?
– வாசகி, வேளச்சேரி

அதே மருந்துதான், குதிரைக்கு மாத்திரையாக இல்லாமல் நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். காரணமும் இதயம் அன்று, நுரையீரல். உச்ச வேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, அவை வெடித்து ரத்தம் கசியும். சில குதிரைகளுக்கு மூக்கு வழியாகவே ரத்தம் வரும். மற்றவற்றுக்குக் குழாய்க் கேமராவை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஃபுரோசமைட் என்ற இந்த மருந்து ரத்தக் கசிவைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை ஒருமுறை மருந்தோடும் ஒருமுறை வெறும் உப்புநீர் ஊசியோடும் ஓடவிட்டுச் செய்த ஆய்வு 2009-இல் வெளியாகி, அதை நிலைநாட்டியது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு இந்த ஊசியைப் போட்டால் குதிரை வாளி வாளியாகச் சிறுநீர் கழித்துப் பத்து கிலோவுக்கு மேல் எடை குறைந்துவிடுகிறது. எடை குறைந்த குதிரை வேகமாக ஓடுவதில் என்ன வியப்பு? ரத்தம் கசியாத குதிரையின் பயிற்சியாளரும், பக்கத்து லாயத்துக்காரர் போடுகிறாரே, நாம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று போடத் தொடங்கினார். 1970-களில் சில மாநிலங்களில் அனுமதிக்கப்பட்டு, 1995-இல் நியூயார்க்கும் இணங்கிய பிறகு, அமெரிக்கக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஊசியோடுதான் ஓடின. சிகிச்சை என்று வந்தது சம்பிரதாயமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் பாராட்டியாக வேண்டும். அங்கே பந்தய அட்டவணையில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில், லேசிக்ஸைக் குறிக்கும் 'எல்' என்ற எழுத்தை அச்சிட்டார்கள். முதன்முறை போடுவதாக இருந்தால் அதற்கும் தனிக் குறி இருந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் பந்தய நாளன்று இந்த மருந்தை அனுமதிப்பதே இல்லை. அனுமதித்த அமெரிக்கா அதை ஒளிக்கவாவது இல்லை. இப்போது அங்கேயும் இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயங்களிலும் பெரும் பரிசுப் பந்தயங்களிலும் இது விலக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: குதிரைக்கு ஊக்கமருந்து கொடுக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது?
– வாசகர், நாகர்கோவில்

தொடக்கத்தைத் தேடினால் முடிவில்லாமல் பின்னால் போக வேண்டியிருக்கும். தடை வந்த கதைதான் சுவையானது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சிலர் கொக்கேய்ன் கலந்த சரக்கைக் கொடுத்துக் கிழட்டுக் குதிரைகளையெல்லாம் ஜெயிக்க வைத்தார்கள். ஜார்ஜ் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் இதைப் பற்றிப் புகார் செய்தும், பந்தய நிர்வாகம் நம்பவில்லை. அப்படியா என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தம் லாயத்தில் இருந்தவற்றிலேயே உருப்படாத ஐந்து குதிரைகளுக்கு அதே சரக்கைக் கொடுத்து ஓடவிட்டார். நான்கு வென்றன, ஐந்தாவது இரண்டாம் இடம் வந்தது. அதற்குப் பிறகு தடை விதிக்க யாரும் தயங்கவில்லை. தாம் செய்யப்போவதை ஊரறியச் சொல்லிவிட்டு ஊக்கமருந்து கொடுத்தவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கேள்வி: மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் ரத்தத்தில் 21 பிக்கோகிராம்தான் இருந்ததாம். ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கல்லவா பிக்கோகிராம்? அதற்காக வெற்றியையே பறிப்பது அநியாயம் இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கணக்கு சரி. ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கென்டக்கி டெர்பி நடந்த 2021 மே 1 அன்று அந்த அளவு குதிரையை ஒரு அடிகூட முன்னால் தள்ளியிருக்காது என்று வாதாடுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஆய்வகம் பார்ப்பது மருந்தின் வாலை. தலை எப்போது உள்ளே போனது, எவ்வளவு போனது என்பதை அந்த வாலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மூட்டில் போட்ட ஸ்டீராய்டு, ரத்தத்தில் ஏறக்குறைய மறைந்த பிறகும் மூட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவேதான் கென்டக்கியின் விதி, பந்தய நாளில் அந்த மருந்து எந்த அளவிலும் இருக்கக் கூடாது என்றது.

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது வேறு. முடிவு வெளியானதும் பயிற்சியாளர் பாப் பேஃபர்ட், அந்தக் குதிரைக்குப் பீட்டாமெத்தசோன் கொடுக்கவே இல்லை என்று மே 9 அன்று செய்தியாளர்களிடம் சொன்னார். இரண்டே நாளில், தோலில் வந்த படைக்குத் தடவிய ஓட்டோமேக்ஸ் என்ற களிம்பில் அந்த மருந்து இருந்திருக்கிறது என்றார். ஊசி வேறு, களிம்பு வேறு என்பது அவருடைய வழக்கறிஞர்களின் வாதம். எந்த வழியாக வந்தாலும் மருந்து மருந்துதான் என்று சொல்லி, பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் 2022 பிப்ரவரியில் வெற்றியை ரத்து செய்து, இரண்டாவதாக வந்த மண்டலூனுக்குக் கொடுத்தார்கள். களிம்புக் கதை முழு உண்மையாகவே இருக்கட்டும். பல கோடி ரூபாய் பரிசுக்கு ஓடும் குதிரையின் மேல் நாள்தோறும் என்ன தடவப்படுகிறது என்பது அதன் பயிற்சியாளருக்கே உடனடியாகத் தெரிந்திருக்கவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஒரு வயதில் வெறும் ஆயிரம் டாலருக்கு ஏலம் போன குதிரை அது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021 டிசம்பர் 6 அன்று, பயிற்சி ஓட்டம் முடிந்த கையோடு சான்டா அனிட்டாவில் விழுந்து இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனையில் திட்டவட்டமான காரணம் கிடைக்கவில்லை.

கேள்வி: ஓடி முடித்த குதிரையிடமிருந்து சோதனைக்கு மாதிரி எப்படி எடுக்கிறார்கள்?
– கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

வென்ற குதிரையையும் குலுக்கலில் வந்த வேறு சிலவற்றையும் நேராகச் சோதனைக் கொட்டடிக்குக் கொண்டுபோவார்கள். குளிப்பாட்டி, ஒரு மடக்கு தண்ணீர் காட்டி, வட்டமாக நடத்தி உடம்பைத் தணிய விடுவார்கள். ரத்தம் எடுப்பது ஒரு நிமிட வேலை. சிறுநீருக்குத்தான் பொறுமை வேண்டும். வைக்கோல் பரப்பிய அறையில், நீண்ட கோலின் நுனியில் கட்டிய கிண்ணத்தோடு ஓர் ஆள் மூலையில் நின்றுகொண்டு மெல்லச் சீழ்க்கை அடித்துக்கொண்டே இருப்பார். குட்டியிலிருந்தே அந்த ஓசைக்குப் பழகிய குதிரை சற்று நேரத்தில் வழிக்கு வரும். வராவிட்டால் மணிக்கணக்கில் சீழ்க்கைதான். பிறகு மாதிரியை இரண்டாகப் பிரித்து, குதிரைக்காரர் தரப்பு ஆளின் கண்முன்னே முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். முதல் பாதியில் மருந்து தெரிந்தால், இரண்டாவது பாதியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கேள்வி: இத்தனை சோதனை இருக்கும்போது ஏமாற்றுவது முடியாத காரியம் அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசு ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் என்ற இரண்டு புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் போட்டபோது, அவர்களைக் காட்டிக்கொடுத்தது சிறுநீர்க் கிண்ணம் அன்று, ஒட்டுக்கேட்ட தொலைபேசி. சோதனையில் அகப்படாதவாறு கலந்த, பெயர்ச்சீட்டே இல்லாத சரக்குகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஆய்வகம் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் தேடும். நவாரோவுக்கு ஐந்து ஆண்டும் சர்விஸுக்கு நான்கு ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. கைதாவதற்குச் சில நாட்கள் முன்புதான் சர்விஸின் மேக்சிமம் செக்யூரிட்டி, 2 கோடி டாலர் பரிசுத் தொகை கொண்ட முதல் சவூதி கோப்பைப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருந்தது.

கேள்வி: குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக என் நண்பர் அடித்துப் பேசுகிறார். உண்மைதானா?
– வாசகர், மதுரை

உண்மைதான். கிண்டி பந்தய மைதானம் தொடர்பான லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு அது. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை, ஜாக்கியின் சவாரி ஒரு கலை, ஆகவே வெற்றியைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே என்று நீதிமன்றம் கருதியது. குதிரையின் பரம்பரை, பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை ஆகியவற்றை ரேஸ் புத்தகத்தில் அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறோம் என்று ரேஸுக்குப் போகிறவர்களும் சொல்வார்கள்.

உங்கள் நண்பரிடம் இதையும் கேளுங்கள். அந்த அலசலில் போன வாரம் முழங்காலுக்குப் போட்ட ஊசி வருமா? வராவிட்டால் அவர் ஆராய்வது பாதிப் புத்தகத்தைத்தான். மறைந்திருக்கும் மருந்தின் அளவுக்குத் திறமை சுருங்கி, அந்த இடத்தில் அதிர்ஷ்டம் உட்கார்ந்துகொள்கிறது.

குதிரையின் மருத்துவக் குறிப்புகளை வெளியிடுங்கள் என்கிறேன்; முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஹாங்காங் ஜாக்கி கிளப் தன் இணையதளத்தில் ஒவ்வொரு குதிரையின் மருத்துவக் குறிப்பையும் வெளியிடுகிறது: எந்தத் தேதியில் எந்தக் கால் நொண்டியது, எப்போது மூச்சுக்குழாயில் ரத்தம் தெரிந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பந்தயத்தன்று குதிரையின் உடல் எடையையும் அறிவிக்கிறார்கள். அமெரிக்காவில் 2020 இறுதியில் இயற்றிய சட்டத்தின்படி, மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த மருந்து விதிகள் 2023 மே முதல் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன; சோதனையில் சிக்கிய குதிரை, பயிற்சியாளர், மருந்து ஆகியவற்றின் பெயர்கள் விசாரணை நிலுவையில் இருக்கும்போதே வெளியாகின்றன. ஆனால் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்யும் அன்றாடச் சிகிச்சைக் குறிப்புகள் அங்கே இன்னும் அதிகாரிகளோடு நின்றுவிடுகின்றன. நோயாளியின் அந்தரங்கம் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் குதிரைக்கு இதில் ஆட்சேபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மெடினா ஸ்பிரிட் வழக்கில் பரிசுப் பணம் கைமாறியது, கோப்பை கைமாறியது. மண்டலூன் மேல் பணம் கட்டியவர்களுக்கோ, வெற்றிக்கான தொகை கடைசிவரை வரவில்லை. பந்தயம் முடிந்த அன்று மாலை அறிவித்த முடிவுதான் பந்தயச் சீட்டுக்குச் செல்லும் என்பது விதி.