பேடா டப்பாவுக்கு ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

ஆற்காட்டுலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு: "அண்ணா, வீட்லயே மக்கன் பேடா போட்டு விக்கிறோம், மாசம் 200 டப்பா போவுது. பேர் போட்ட பாக்ஸ் அடிக்கலாம்னு கேட்டா ஒரு பிரஸ்ல ஆஃப்செட்டுன்னா 2000 எடுக்கணும்ங்கிறாங்க, இன்னொருத்தர் டிஜிட்டல்ல 100 கூட தர்றேன், ஆனா ரேட்டு ஜாஸ்திங்கிறார். எது நல்லது?"

பாக்கறதுக்கு ரெண்டும் நல்லாதான்மா இருக்கும். எத்தினி பீஸ், அதுல இருக்கிற எழுத்து எத்தினி நாளைக்கு மாறாம இருக்கும், இந்த ரெண்ட மட்டும் பாரு.

ஆஃப்செட்டுன்னா நாலு கலருக்கு நாலு பிளேட்டு, அதாவது அச்சுத் தகடு, போட்டு மிஷின்ல ஏத்தி, கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்ற வரைக்கும் கொஞ்சம் அட்டையும் வேஸ்ட்டாவும், இந்த செலவு 200 அடிச்சாலும் அதே 2000 அடிச்சாலும் அதே. பேச்சுக்கு 6000 ரூபான்னு வெச்சுக்க, 200 டப்பான்னா ஒண்ணு மேல 30 ரூபா ஏறுது, 2000ன்னா 3 ரூபாதான். டிஜிட்டல்ல பிளேட்டே கிடையாது, அதனால கம்மியா அடிச்சாலும் கட்டும், ஆனா நெறைய அடிச்சாலும் ரேட்டு பெருசா எறங்காது. டை, அதாவது அட்டைய பாக்ஸ் ஷேப்புக்கு வெட்டி மடிப்புக் கோடு போடற அச்சு, அந்த செலவு ரெண்டுக்கும் உண்டு, டைக்கு காசு நீ குடுத்தா அது உன்னுதுன்னு மொதல்லயே பேசிக்க.

வருஷக் கணக்கு பாத்தா 2000 அடிச்சுடலாம் போலதான் தோணும், அங்கதான் மாட்டிக்கிறாங்க. 2019ல வேலூர் மாவட்டத்த மூணா பிரிச்சாங்களே, அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் உங்க ஊர் கடைக்காரர் ஒருத்தருக்கு 5000 பாக்ஸ் அடிச்சு குடுத்தேன், எல்லாத்துலயும் 'வேலூர் மாவட்டம்', ஊர் போனது ராணிப்பேட்டைக்கு. மனுஷன் ஒவ்வொரு பாக்ஸா ஸ்டிக்கர் ஒட்டிகினு இருந்தார். மாவட்டம் விடு, நாளைக்கு வியாபாரம் பெருசாகி ஃபுட் சேஃப்டி ரெஜிஸ்ட்ரேஷன்லேர்ந்து லைசன்ஸுக்கு போனா அந்த 14 இலக்க நம்பரே மாறிடும். விலை, தேதி, பேட்ச் நம்பர் இதெல்லாம் எப்பவுமே காலியா விட்டு அப்பறம் ஸ்டாம்ப் அடிக்கிறதுதான் சரி.

அதுவுமில்லாம உன் சாமான் பாகுல ஊறுறது. அட்டைப் பெட்டில நேரா வெச்சா அரை மணி நேரத்துல அடி ஊறிடும், பிரிண்ட் அடிச்ச பக்கம் தின்ற பொருள் மேல படவும் கூடாது. எப்படியும் உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப் வேணும் இல்ல? அப்ப நான் சொல்றது இதான்: இப்போதைக்கு பிளெயின் டப் வாங்கி டிஜிட்டல்ல அடிச்ச ஸ்டிக்கர் ஒட்டு, பேப்பர் ஸ்டிக்கர் வேணாம், ஃபிரிஜ்ல ஈரம் பட்டா நைஞ்சுடும், பிளாஸ்டிக்ல வர்ற பிபி ஸ்டிக்கர்னு கேளு. தீபாவளி கிஃப்ட்டுக்கு மட்டும் டப்ப சுத்தி ஒரு அட்டை ஸ்லீவ், அதயும் டிஜிட்டல்லயே அடி. டிஜிட்டல்ல ஒரு தொல்லை, டார்க் கலர் மடிப்புல வந்தா வெடிச்சு வெள்ளையா தெரியும், அதனால லேமினேஷன் போட்டுடு, மடிப்பு வர்ற எடத்துல லைட் கலர் வை. ஆறு மாசம் ஓட்டி எழுத்தெல்லாம் நெலைச்சதுக்கு அப்பறம் தாராளமா ஆஃப்செட்டுக்கு போ.

கூரியர் அட்டைப் பெட்டிக்கு ரப்பர் மாதிரி பிளேட்டு வெச்சு அடிக்கிற ஃப்ளெக்ஸோல ஒரு கலர் போதும், கம்மியா வேணும்னா ஸ்கிரீன் பிரிண்ட். பளபளன்னு மிக்சர் பாக்கெட் மாதிரி பவுச் வேணும்னு யாராவது ஆச காட்டினா கேக்காத, அது கிராவூர், கலருக்கு ஒரு சிலிண்டர் செதுக்கணும், உன் அளவுக்கு தாங்காது.

ஃபைல் அனுப்பும்போது தமிழ் எழுத்த கர்வ்ஸ் பண்ணி, அதாவது ஃபான்ட் இல்லாம படமா மாத்தி, அனுப்ப சொல்லு. அத செக் பண்ணாம பிளேட்டு போட்டு, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிச்சிகினு வந்து, கைக்காசு போட்டு திரும்ப அடிச்சவன் நான்.

மொத்தமா ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி நாலே நாலு ஸ்டிக்கர் வாங்கி, பாகு பேடாவோட டப்புல ஒட்டி ராத்திரி ஃபிரிஜ்ல வை. காலைல ஓரம் தூக்கிகினு இருந்தா பசை பத்தல, வேற ஷீட் காட்டுங்கன்னு கேளு.