குழாய்த் தண்ணீரும் கம்பி வித்தையும்

கேள்வி: துபாய் கராமாவில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டார். சற்று நேரத்தில் தண்ணீர் செங்காவியாகிவிட்டது. அவருடைய மெஷின் தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர் குடிக்க ஆகாதா? ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் பார்த்தது தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் துரு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். பாய்வதற்குத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு வேண்டும். ஆர்.ஓ. மெஷின் உப்பை வடிகட்டிவிடுவதால் அதன் தண்ணீரில் அது அநேகமாக இல்லை, கம்பி சும்மா நிற்கிறது. அந்த ஆள் மறுபடி வந்தால் அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் காவியாகும். டிடிஎஸ் மீட்டரை நீட்டினாலும் மிரள வேண்டாம். அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

துபாய்க்கு ஆறு கிடையாது. ஜெபல் அலி கடலோர ஆலையில் பெரும்பாலும் எரிவாயு எரித்துக் கடல்நீரிலிருந்து உப்பை நீக்குகிறார்கள். உப்பு நீக்கிய வெறும் தண்ணீர் குழாயை அரிக்கும் என்பதால் சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப அளவாகச் சேர்த்து, கிருமிநாசினி கலந்து அனுப்புகிறார்கள். அதை வீட்டில் இன்னொரு முறை ஆர்.ஓ.வில் விட்டால், ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். அதற்கும் தேவா (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) பில்லில் காசு கட்டப்போவது நீங்கள்தான்.

கவலைப்பட வேண்டியது உங்கள் கட்டிடத்துத் தொட்டியைப் பற்றி. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். நாத்தூரிடம் (கட்டிடக் காவலாளி) கேட்டால் "கழுவியாச்சு" என்பார், ஒரு சான்றிதழையும் நீட்டுவார். நான் குடியிருந்த ஒரு கட்டிடத்தில் சான்றிதழில் தேதி புதிது, தொட்டியில் விரலளவு சேறு. கழுவும் கம்பெனி, மெயின்டனன்ஸ், ஓனர் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள், எனக்கு நாலு மாதம் போனது. அதனால் சான்றிதழை விடுங்கள், தண்ணீரின் கிருமிப் பரிசோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அறிக்கை சரியென்றால் தாராளமாகக் குடிக்கலாம். தரமாட்டேன் என்றால், வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்புவீர்கள் இல்லையா? அத்தனை நாளும் குழாய்க்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தேங்கியிருக்கும், குளோரினும் போயிருக்கும். லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு அது கொண்டாட்டம். அதைக் குடிப்பதைவிட, ஷவரின் நீர்த்தூறலில் மூச்சிழுப்பதுதான் ஆபத்து, நுரையீரலுக்குப் போகும். வந்ததும் குளிக்க ஓடாதீர்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். மாடித் தொட்டித் தண்ணீரே சுடும் வெயில் காலத்தில் கீசரை அணைத்துவிட்டு அதையே குளிர்நீர்த் தொட்டியாக வைத்துக்கொள்வது இங்கே நம் எல்லோருக்கும் வழக்கம். ஊரிலிருந்து வந்த அன்று மட்டும் அதைப் போட்டு 60 டிகிரிக்குச் சூடாக்கி, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் அணையுங்கள்.